குறைக்கும் பழுதுக்கும் நடுவில் ஒருவர்

அவர் கதிரையில் அமர்ந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டரை வருடங்கள் ஒரே கந்தோரில் வேலை செய்தோம். என் மேசைக்கு எதிரே அவருக்கென்று ஒரு கதிரை கிடந்தது. அதில் அவருடைய தலைக்கவசமும் ஒரு சோடி கையுறையும்தான் எப்போதும் இருக்கும். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பார். போகிற போக்கில் கைக்கு எட்டியதையெல்லாம் விரல் முட்டியால் தட்டுவார். அலுமாரிக் கதவு, சுவர், என் மேசை விளிம்பு, அவருக்காக வைத்த தேநீர்க் கோப்பை. தட்டிவிட்டுத் தலையைச் சரித்து ஏதோ கேட்பார். தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். பின்னேரம் யாராவது எடுத்து ஊற்றிவிடுவார்கள்.

திருகோணமலை உட்துறைமுகத்துக் கரையில் இருந்த சிறிய படகுத் தளம் அது. இழுவைப் படகுகள், பயணிகள் படகுகள் என்று இரும்பால் ஆனவையெல்லாம் பழுதுபார்ப்பதற்காக அங்கே கரையேறும். அவர் அங்கே வெல்டிங் பரிசோதகர். இரும்போடு இரும்பை ஒட்டிய இடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் சொல்வதை ஆங்கிலத்தில் அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் வேலை. மூதூர்க்காரர். கட்டாரில் ஒரு கப்பல் தளத்தில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நான் அவரை நானா என்று கூப்பிட்டேன். தளத்துப் பெடியன்கள் அவருக்குப் பின்னால் 'கீறல் நானா' என்பார்கள். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எப்படியாவது இதைத் தேடி எடுத்து, எங்கெங்கே அளவு பிசகியிருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை அது. ஓர் இழுவைப் படகைப் பற்றி அவர் கொப்பித் தாளில் எழுதித் தந்ததை வைத்து அறிக்கை தயாரித்தேன். ஏழு இடங்களில் அவர் 'ஃப்ளோ' (flaw) என்று எழுதியிருந்தார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியை சொல்லித் தந்திருந்தா. ஆகவே நாலு இடத்தில் 'ஃப்ளோ' என்று விட்டுவிட்டு, மூன்று இடத்தில் 'டிஃபெக்ட்' (defect) என்று போட்டேன். அகராதியில் இரண்டுக்கும் குறைபாடு என்றுதான் இருந்தது. அறிக்கை வாசிக்க வடிவாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அரை மணித்தியாலத்தில் அறிக்கையைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"தங்கச்சி, இது ஆரு எழுதின?"

"நான்தான் நானா."

"நான் ஏழு எடத்தில ஃப்ளோ எண்டு எழுதித் தந்தன். நீங்க மூணு எடத்தில டிஃபெக்ட் எண்டு போட்டிரிக்கீங்க. அந்த மூணு எடத்துக்கும் என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கேல்ல. ஒரே சொல்லுத் திரும்பத் திரும்ப வந்தா வாசிக்க நல்லா இருக்காது. ரெண்டும் ஒண்டுதானே?"

அவர் கோபப்படவில்லை. பிள்ளை ஒன்று கத்தியை எடுத்து விளையாடுவதைக் கண்ட ஆளைப்போல என்னைப் பார்த்தார்.

"ஃப்ளோ எண்டு எழுதினா இந்தப் படகு நாளைக்குக் கடலுக்குப் போகும். டிஃபெக்ட் எண்டு எழுதினா அந்த எடத்தை வெட்டி எடுத்துத் திருப்பி ஒட்டும்வரைக்கும் போக ஏலா. நீங்க வடிவுக்காக மூணு எடத்தை வெட்டச் சொல்லியிரிக்கீங்க."

அன்றைக்கு அவர் நின்றபடியே விளங்கப்படுத்தினார். ஃப்ளோ இல்லாத ஒட்டு உலகத்தில் இல்லை. மனிதன் கையால் ஒட்டியது. உள்ளே ஒரு பொட்டுக் காற்றோ, ஒரு துகள் கசடோ சிக்கித்தான் இருக்கும். அது அளவுக்குள் இருக்கிறவரை ஃப்ளோ. எழுதிவைத்துவிட்டு, காலத்துக்குக் காலம் வந்து பார்த்தால் போதும். அளவைத் தாண்டினால்தான் டிஃபெக்ட். "டிஃபெக்ட்டைப் பாத்துக்கொண்டு இரிக்க ஏலா தங்கச்சி. அதை வெட்டத்தான் வேணும்." அவர் எழுதித் தரும் சொல்லை இனி ஒருபோதும் மாற்றுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு பின்னால் எப்படி வந்து என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

படகுச் சொந்தக்காரர்களுக்குத் தமிழிலும் ஒரு பக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு சொல்லுக்கும் தமிழ் தேடி இரண்டு கிழமை மண்டையைக் கசக்கினோம். 'பிழை' என்று போடுவோமா என்றேன். பிழை என்றால் யாரோ செய்த குற்றம்போல் இருக்கிறது, ஒட்டியவனைப் பிடித்து ஏசுவார்கள், வேண்டாம் என்றார். 'வடு' என்றேன். வடு ஆறினதற்குப் பிறகு இருப்பது, இது ஆறவில்லையே என்றார். ஒரு நாள் நான் யோசிக்காமல், "ஊனம் எண்டு போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "அந்தச் சொல்லை இந்தக் கந்தோருக்குள்ள எடுக்காதீங்க. மனுசரை ஒதுக்கிற சொல் அது" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. கடைசியில் ஃப்ளோவுக்குக் குறை என்றும் டிஃபெக்ட்டுக்குப் பழுது என்றும் வைத்துக்கொண்டோம். குறையோடு ஒரு பொருள் வேலை செய்யும், பழுதோடு செய்யாது. அது அவருக்குச் சரியாகப் பட்டது. அலுமாரிக் கதவை ஒருதரம் தட்டிவிட்டு வெளியே போனார்.

எதையும் நல்லது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "அளவுக்குள்ள இரிக்கு" என்பார். அதுதான் அவருடைய பாராட்டு. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கறியில் கொஞ்சம் கொடுத்தால், வாயில் போட்டுச் சற்று யோசித்து, "உப்பு அளவுக்குள்ள இரிக்கு தங்கச்சி" என்பார். ஒரு பின்னேரம் என்னைப் பாலையூற்றில் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்திருந்த என் கணவரோடு கதைத்துக்கொண்டிருந்தவர், கதை நடுவிலேயே குனிந்து பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கம்பியைத் தட்டத் தொடங்கிவிட்டார். பிறகு என் கணவரிடம், "இப்ப ஒண்டுமில்ல. ரெண்டு மாசத்தில திரும்பப் பாருங்க" என்றார். வீடு போகும்வரை நான் அந்தக் கம்பியில் காலை வைக்கவில்லை. தொடை விறைத்துப்போனது. "இந்த மனுசனோட வேலை செய்து உனக்கும் இந்தப் பைத்தியம் பிடிச்சிட்டுது" என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரோடு பழகினால் அப்படித்தான். காலுக்குக் கீழே உள்ளது எல்லாம் ஏதோ ஒரு அளவுக்குள்தான் உறுதி என்பது தெரியவந்துவிடும். தெரிந்த பிறகு நிம்மதியாக நடக்க முடியாது.

அவர் குற்றம் கண்டுபிடிக்கிறவர் என்றுதான் தளத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். திரியாய் என்ற ஊர்க்காரர் ஒருவர் அங்கே வெல்டராக இருந்தார். அமைதியான ஆள், நாலு பிள்ளைகள். அவர் ஒட்டிய தகடு ஒன்றில் ஒருமுறை சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. ஏற்கெனவே ஒருதரம் அவருடைய வேலை பழுது என்று திரும்பியிருந்தது. மனேஜருக்கு அவரைப் பிடிக்காது. இன்னொரு பழுது எழுதப்பட்டால் அவரை நிற்பாட்டிவிடலாம் என்று காத்திருந்தார்.

"பழுது எண்டு எழுதுங்கோ. கண்ணுக்கே தெரியுதே" என்றார் மனேஜர்.

நானா அளவுகோலை எடுத்து, ஒவ்வொரு துளையாக அளந்து, எண்களை எனக்குச் சொன்னார். நான் எழுதினேன். எல்லாம் அளவுக்குள்.

"குறை" என்றார்.

"கொஞ்சம் கூடக் கவனமா இருக்கிறதில என்ன பிழை?"

"பழுதைக் குறை எண்டு எழுதினா ஆள் சாகும், சேர். குறையைப் பழுது எண்டு எழுதினாலும் ஒரு ஆள் சாகும். இவருக்கு நாலு புள்ளைகள்."

திரியாய்க்காரர் தன் முகமூடியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். மறுநாள் ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "அவரிட்டக் குடுங்கோ தங்கச்சி, நான் குடுத்தா வாங்க மாட்டார்" என்றார். உண்மைதான். நானா அதை வாங்கவில்லை. நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஒரு நாள் காலையில் அவர் எதையும் தட்டாமல் உள்ளே வந்தார். அதனாலேயே நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தாளை நீட்டினார். எட்டாக மடித்து மடித்து, மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்த தாள்.

"இதை வாசிச்சுச் சொல்லுங்க."

"நீங்க வாசிக்கேல்லயா நானா?"

"வாசிச்சிட்டன். நான் பிழையா வாசிச்சிருந்தாச் சொல்லுங்க."

அவருடைய ஒரே மகளின் மருத்துவ அறிக்கை அது. அப்போது பிள்ளைக்கு மூன்று வயது. இதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் ஓட்டை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஓட்டையின் ஆங்கிலப் பெயரில் கடைசிச் சொல் 'டிஃபெக்ட்'. பிழையாக வாசித்தீர்கள் என்று சொல்ல எவ்வளவோ ஆசைப்பட்டேன்.

அடுத்த கிளினிக் நாளில் என்னையும் வரச் சொன்னார். "டொக்டர் சொல்றது எனக்குள்ள போகாது. காது அடைச்சிடும். நீங்க கேட்டு எழுதுங்க." மதிய இடைவேளையில் போனேன். அவருடைய மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. பிள்ளை நல்ல துருதுருப்பு. என் பேனையைப் பறித்துத் தன் உள்ளங்கையில் கோடு போட்டாள். மனைவி என் காதோடு, "இவர் புள்ளைய விளையாட உடுறார் இல்ல தங்கச்சி. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நகத்தைப் பாக்கிறார், உதட்டைப் பாக்கிறார். நெஞ்சில காதை வெச்சுக் கேக்கிறார். புள்ள இப்ப வாப்பாவைக் கண்டா ஒளிக்கிற" என்றா.

டொக்டர் இளம் வயதுக்காரர், தமிழர். பொறுமையாகச் சொன்னார்: சின்ன ஓட்டை, நாலு மில்லிமீற்றர், தானாகவே சிறுத்து மூடக்கூடும், இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

"எத்தின மில்லிமீற்றருக்கு மேல போனா வெட்டுவீங்க, டொக்டர்?"

"அப்பிடி ஒரு அளவை மட்டும் வைச்சு முடிவெடுக்கிறேல்ல, ஐயா. பிள்ளை வளருறாவா, மூச்சு வாங்குறாவா, எல்லாம் பாக்கிறது. பாத்துக்கொண்டு இருப்பம்."

"அப்ப ஏன் டிஃபெக்ட் எண்டு எழுதியிரிக்கீங்க?"

டொக்டருக்கு விளங்கவில்லை. "அது அந்த வருத்தத்தின்ர பேர்."

"பாத்துக்கொண்டு இரிக்கலாம் எண்டா அது ஃப்ளோ. டிஃபெக்ட் எண்டா பாத்துக்கொண்டு இரிக்க ஏலா. ரெண்டில ஒண்டைச் சொல்லுங்க. வெட்டுறதெண்டா வெட்டுங்க. இல்லாட்டி அந்தச் சொல்லை மாத்தி எழுதித் தாங்க."

"ஐயா, வெளியில முப்பது பிள்ளையள் நிக்கினம்."

மனைவி அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தா. அவர் மேசையைத் தட்டினார். கோபத்தில் அல்ல, வழக்கம்போல் விரல் முட்டியால். டொக்டர் பயந்து பின்னால் சாய்ந்தார். நாங்கள் வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி மதிலோரம் நின்று, நான் எழுதிய குறிப்பை வாங்கிப் பார்த்தார். 'பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்' என்றுதான் எழுதியிருந்தேன். "எத்தின நாளைக்கு ஒருக்கா எண்டு கேக்கேல்லயே நாங்க" என்று திரும்பி உள்ளே ஓடினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆறு மாதம். அவரைப்போல ஓர் ஆள் ஆறு மாதத்தை எப்படிக் கடப்பார்?

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவருடைய நடை கூடிவிட்டது. கந்தோருக்குள் போதாமல் படகுகளைச் சுற்றி நடந்தார். சந்தேகமான இடத்தில் சிவப்பு மையைத் தெளித்து, பத்து நிமிடம் பொறுத்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சு அடிப்பது ஒரு பரிசோதனை. வெடிப்பு இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு வெள்ளையின்மேல் மயிரிழைபோல் எழும்பும். அந்தப் பத்து நிமிடத்தையும் அவரால் பொறுக்க முடியாமல் போனது. ஏழாம் நிமிடத்தில் துடைத்துவிட்டு, அது சரியில்லை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கையில் எந்நேரமும் சிவப்பு.

மார்ச் மாதம் பிறக்கப்போகிற நேரம். திமிங்கிலம் பார்க்க உல்லாசப் பயணிகளைக் கூட்டிப்போகும் படகு ஒன்று தளத்தில் ஏறியிருந்தது. அறுபது பேர் போகலாம். சுக்கானைத் தாங்கும் தண்டை உடலோடு பொருத்திய இடத்தை மெசினால் சோதித்தபோது உள்ளே ஏதோ ஒன்று இருப்பதாகத் திரை காட்டியது. அவர் கொண்டுவந்து தந்த கொப்பித் தாள் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. 'உள்ளே சிக்கிய கசடு. நீளம் 8 மில்லிமீற்றர். அனுமதி 10.' அதற்குக் கீழே, அழுத்தி எழுதிய எழுத்தில், 'டிஃபெக்ட்'.

எட்டையும் பத்தையும் பார்த்தேன். அந்தச் சொல்லைப் பார்த்தேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டும். நானா, இது எட்டுத்தானே என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. அவர் எழுதிய சொல்லை மாற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் நான், ஆகவே தட்டச்சு செய்தேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பயமாக இருந்தது.

படகுச் சொந்தக்காரர் வந்து கத்தினார். முதல் பயணத்துக்கு ஆட்கள் ஹோட்டலில் வந்து இருக்கிறார்கள் என்றார். நானா ஒரே பதில்தான் சொன்னார்: "வெட்டுங்க." மனேஜருக்கு வேறு வழி இருக்கவில்லை; பரிசோதகர் பழுது என்றால் வெட்டத்தான் வேண்டும். மூன்றாம் நாள் வெட்டினார்கள். நானும் கீழே இறங்கிப் போய் நின்றேன். இரும்பைக் கிண்டக் கிண்ட, உள்ளேயிருந்து கருகிய அரிசி மணிபோல் ஒரு கசடு வந்தது. அவ்வளவுதான். வெடிப்பு இல்லை, சுற்றிலும் இரும்பு பளபளவென்று உறுதியாக இருந்தது. நானா அளவு கருவியை வைத்தார். எட்டு மில்லிமீற்றர். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். எட்டேதான். யாரோ பின்னால் நின்று சிரித்தார்கள்.

அந்த ஒட்டைப் போட்டவர் திரியாய்க்காரர். எனக்கு அது தெரியாது. நானாவுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் அந்த நேரத்தில் அது அவர் மனதில் ஏறவில்லை. அன்று பின்னேரமே மனேஜர் திரியாய்க்காரரைக் கூப்பிட்டார். இரண்டாவது பழுது பதிவாகிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வரத் தேவையில்லை என்றார். திரியாய்க்காரர் என் மேசையைக் கடந்து போனபோது என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. நானா வந்து கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, ஒரு கடிதம் அடிக்கணும். மனேஜருக்கு. எட்டு மில்லிமீற்றர், அளவுக்குள்ள இருந்த. அது குறை. நான் பழுது எண்டு எழுதினன். ஒட்டின ஆளில ஒரு பிழையுமில்ல."

"மெசின் தெளிவாக் காட்டேல்ல எண்டு போடுவமே நானா. ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

"மெசின் பொய் சொல்லேல்ல."

"அப்ப ஏன் அப்பிடி எழுதினீங்கள் எண்டு கேப்பினமே. என்ன காரணம் போடுறது?"

அவர் நடந்தார். ஜன்னல், கதவு, ஜன்னல். நான் விசைப்பலகையில் கைவைத்தபடி இருந்தேன்.

"புள்ளையைப் பாத்துக்கொண்டு இரிக்கச் சொன்னாங்க. இரிக்கிறன். அதுக்குள்ள இதையும் பாத்துக்கொண்டு இரிக்க எனக்கு ஏலாமப் போச்சு. ஏதாவது ஒண்டை வெட்டித் திறந்து பாக்கணும்போல இருந்த." நின்றார். "இப்ப எனக்கு என்ன பேர் தங்கச்சி? இது என்ர குறையா, பழுதா? நான் எழுதுறதை இனி ஆரும் நம்ப ஏலுமா?"

நான் திரைப் பக்கம் திரும்பினேன். காரணம் என்ற இடத்தில் ஒரு சின்ன வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் அடித்தேன். 'நான் பயந்துபோயிருந்தேன்.' வாசித்துக் காட்டினேன். அச்செடுத்த தாளை அவர் வாங்கி ஒருதரம் வாசித்தார். பிறகு சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மனேஜர் கடிதத்தை வாசித்துவிட்டு, "இதை ஏன் எழுதினீங்கள்? கூடக் கவனம் எண்டு விட்டிருக்கலாமே" என்றார். திரியாய்க்காரர் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். நானா வரவில்லை. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய தம்பி வந்து தலைக்கவசத்தையும் கையுறைகளையும் எடுத்துப்போனான்.

அந்தக் கடிதத்துக்குக் கீழே நானும் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அந்த எட்டை நானும் கண்டேன் என்று. சேர்க்கவில்லை. திரியாய்க்காரர் பிறகும் என்னோடு நன்றாகத்தான் கதைப்பார். ஒவ்வொரு முறையும் அவர் போன பிறகு, அடித்துக்கொண்டிருந்த வரியை முதலிலிருந்து அடிப்பேன்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு, போன வருடம், ஒரு கல்யாணத்துக்காக மூதூருக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கும் போனேன். வாசலில் நெல் வெட்டும் மெசின் ஒன்று கழற்றிப் போட்டபடி கிடந்தது. இப்போது அதுதான் அவருடைய வேலை. தாடி நரைத்திருந்தது. "வாங்க தங்கச்சி, இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு அவர் நின்றார். கையில் ஒரு தாள்.

"நல்ல நேரத்தில வந்தீங்க ராத்தா" என்றாள் உள்ளேயிருந்து வந்த பிள்ளை. ஒன்பது வயது, ஒல்லி, ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை. "வாப்பா மூணு நாளா இதைக் கையில வெச்சிக்கொண்டு திரியிறாரு. நாளைக்குக் கடைசி நாள். டீச்சர் ஏசுவா."

பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கான சம்மதப் படிவம். நூறு மீற்றர் ஓட்டம். கீழே ஒரு கேள்வி: 'பிள்ளைக்கு உடல் குறைபாடுகள் ஏதும் உண்டா? விபரம்.'

"ஓட்டை எப்பிடி நானா இருக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"மெதுவாக் கேக்கத் தேவையில்ல. அவளுக்குத் தெரியும். ரெண்டு மில்லிமீற்றர். இனி வரத் தேவையில்ல எண்டிட்டாரு டொக்டர். ஓடலாமா எண்டு கேட்டன். ஓடலாம் எண்டாரு. மூணு தரம் கேட்டன்."

"அப்ப நிம்மதிதானே?"

"என்ன நிம்மதி? ஓட்டை இரிக்கே." தாளைத் தட்டினார். "இல்லை எண்டு போட்டாப் பொய். உண்டு எண்டு மட்டும் போட்டா, புள்ளையை மரத்துக்குக் கீழ இருத்தி வெச்சிப்போடுவாங்க. நீங்க படிச்ச ஆள், சொல்லுங்க, என்ன எழுத?"

அந்த எட்டைக் கண்ட நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை சொன்னேன். "நீங்க அளந்ததை எழுதுங்கோ நானா. உங்களுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும்."

அவர் வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். நெல் மெசினின் தகட்டில் தாளை வைத்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

'குறை உண்டு. ஓடலாம்.'

கையெழுத்தும் போட்டார். பிள்ளை ஓடிவந்து தாளின் மறுமுனையைப் பிடித்தாள். அவருடைய கை தாளை விடவில்லை.

"வாப்பா, உடுங்க" என்றாள்.

அவர் எழுதியதை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"கிழியப்போகுது வாப்பா. உடுங்க."

கட்டைவிரலை எடுத்தார். பிறகு மற்ற விரல்களை. பிள்ளை தாளைப் பறித்துக்கொண்டு, படலையைச் சாத்தாமலே, தெருவில் இறங்கி ஓடினாள்.